அட்மினுக்கு இரண்டு பூட்டு

2001 செப்டம்பர் 4, செவ்வாய்க்கிழமை. காலை எட்டரை மணிக்கு ஆபீஸைத் திறந்தேன். சுவர்க் காலண்டரில் திங்கட்கிழமைத் தாளைக் கிழித்தேன். மேசையில் படிந்திருந்த கரிசல் தூசியைத் துடைத்தேன். ஆவணிக் காற்று ஓயும்வரை காலையில் ஒரு தடவையும் மத்தியானம் ஒரு தடவையும் இதைச் செய்தாக வேண்டும். கம்ப்யூட்டரின் மேல் போர்த்தியிருந்த துணியை வாசலில் உதறி, நான்காக மடித்து அலமாரியில் வைத்தேன். வருகைப் பதிவேட்டை எடுத்து வெளியே வைத்து முதல் கையெழுத்தை நான் போட்டேன். பேனாவில் மை குறைந்திருந்தது. நிரப்பினேன்.

அன்றைய டைரியில் காலை வேலையாக இவ்வளவும் எழுதியிருக்கிறது. நான் அந்த வேலையிலேயே இல்லை என்பது தெரியவந்தது இதற்கெல்லாம் பிறகு, பத்து மணி வாக்கில்.

எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆபீஸுக்குள் எழுத்து வேலை நடக்கும் இடத்துக்கு வேறு பெயர் வேண்டியிருந்ததால் அதை முன்ரூம் என்று சொன்னோம். முன்ரூமில் நான் மேனேஜர். எனக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். இடைசெவலிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற பெண். எனக்கு மேலே இரண்டு முதலாளிகள். அண்ணன், தம்பி. அண்ணனைப் பெரியண்ணாச்சி என்றும் தம்பியைச் சின்னண்ணாச்சி என்றும் கூப்பிடுவோம். தகப்பனார் தொழிலைச் சரிபாதியாக எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். இருவருக்கும் சண்டை கிடையாது. ஒரே காரில் வருவார்கள், ஒரே டிபன் கேரியரில் சாப்பிடுவார்கள். ஒருவர் சரிபார்த்ததை மற்றவர் இன்னொரு தடவை சரிபார்ப்பார், அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் வந்தது அதற்கு முந்தின வருஷம். முன்ரூமில் ஒன்று; பின்பக்கம் லேபிள் கட்டுகளை அடுக்கியிருக்கும் அறையில் ஒன்று. இரண்டையும் ஒரு வயர் இணைத்தது. வெளியூருக்குப் போன சரக்கு, லேபிள் இருப்பு, ஆட்களின் பட்டியல் எல்லாம் ஒரே டேட்டாபேஸில் இருந்தன. அந்த டேட்டாபேஸ் ஃபைல் இருந்தது முன்ரூம் மிஷினில். பின்ரூமிலிருந்து வயர் வழியாக அதையே திறக்கலாம். புரோகிராமைச் செய்துகொடுத்தவர் திருநெல்வேலிக்காரர் ஒருவர். எங்களிடம் ஆரம்பிக்கிற வாக்கியத்தை மிஷினிடம் முடிக்கிற பழக்கம் அவருக்கு.

யாருக்கு எந்த அளவு உரிமை என்று அவர் கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முன்ரூமில் நால்வரும் அவரைச் சுற்றி நின்றோம்.

“அண்ணாச்சி, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்டு. எத யாரு பாக்கலாம், எத யாரு எழுதலாம், எத யாரு அழிக்கலாம்னு தனித்தனியா பர்மிஷன் குடுத்துரலாம்” என்றார்.

“எழுதுதவன் அழிக்கக் கூடாது” என்றார் பெரியண்ணாச்சி.

“பாக்குதவன் எழுதக் கூடாது” என்றார் சின்னண்ணாச்சி.

“சரி. அப்ப அழிக்குதது யாரு?”

திருநெல்வேலிக்காரர் அந்தக் கேள்வியை விட்டு வேறு வழியாக வந்தார்.

“ஓனர் யாருன்னு ஒரு இடத்துல கேக்குது. அதுல யாரு பேரப் போட?”

“எம் பேரப் போடும்” என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொன்னபின் இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்தபின்னும் திருநெல்வேலிக்காரர் சாவிப்பலகையில் கைவைக்கவில்லை.

“ஒரு பேருதான் அண்ணாச்சி பிடிக்கும்.”

“அப்ப இப்பம் யாரு பேரு இருக்கு?” என்று கேட்டார் சின்னண்ணாச்சி.

“அட்மின்னு இருக்கு. அது சாப்ட்வேரோட கூடவே வாரது.”

“அட்மின்னா யாரு? ஒம்ம ஆளா?”

“அப்படி ஒரு ஆளே கிடையாது அண்ணாச்சி. சும்மா பேரு.”

இல்லாத ஆள் என்றதும் இருவருக்கும் திருப்தி. ஓனர் அட்மினாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. அந்த அட்மினின் பாஸ்வேர்டு யாரிடம் இருப்பது என்ற கேள்விக்குப் பெரியண்ணாச்சியே வழி கண்டுபிடித்தார். அவர் கோயில் கமிட்டியில் இருந்தவர். உண்டியலுக்கு இரண்டு பூட்டு. தலைவரிடம் ஒரு சாவி, பொருளாளரிடம் ஒரு சாவி. இருவரும் வந்தால்தான் திறக்கும்.

“அதே மாதிரி வச்சிரும்வே. மொதப் பாதி எனக்கு. பிற்பாதி தம்பிக்கு.”

அப்படியே வைத்தார். எனக்கும் ஆப்பரேட்டருக்கும் சரக்கு, லேபிள் விவரங்களை எழுத உரிமை. ஆட்கள் பட்டியலைப் பார்க்க மட்டும் உரிமை. எதையும் அழிக்க, ஆட்கள் பட்டியலில் ஒரு எழுத்தை மாற்ற, அட்மின் வர வேண்டும். அட்மின் வர அண்ணனும் தம்பியும் வர வேண்டும்.

அதன் பிறகு யாராவது புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் முன்ரூமில் ஒரு சின்னச் சடங்கு நடந்தது. பெரியண்ணாச்சி நாற்காலியில் உட்கார்ந்து தன் பாதியை அடிப்பார். அதுவரை சின்னண்ணாச்சி சுவர்க் காலண்டரைப் பார்த்து நிற்பார். பிறகு இடம் மாறுவார்கள். திரையில் எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரம்தான் விழும். ஆனாலும் இரண்டாவது தடவையே தகராறு வந்தது.

“நீ நட்சத்திரத்த எண்ணுத.”

“நான் காலண்டரப் பாக்கேன் அண்ணாச்சி. இன்னைக்குப் பிரதோஷமான்னு பாத்தேன்.”

அன்றிலிருந்து திரைமேல் பெரியண்ணாச்சியின் துண்டு விழுந்தது. துண்டு மறைத்ததால் என்ன அடித்தோம் என்பது அடித்தவருக்கும் தெரியவில்லை. பாஸ்வேர்டு தவறு என்று மிஷின் சொல்லும். யார் பாதி தவறு என்று அது சொல்லாது. ஒரு ஆளைப் பட்டியலில் சேர்க்க அரை நாள் ஆகும். அந்த ஆள் அதற்குள் கழுகுமலைக்குப் போய்த் திரும்பி வந்துவிடலாம்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

திருநெல்வேலியில் ஒரு கூட்டுறவு நிறுவனத்தில் டேட்டா என்ட்ரி வேலைக்கு எங்கள் ஆப்பரேட்டர் மனுப் போட்டிருந்தார். நிரந்தர வேலை. இன்டர்வியூ கார்டு தபாலில் சுற்றிச் சுற்றித் திங்கட்கிழமை மாலை வந்து சேர்ந்தது. இன்டர்வியூ புதன்கிழமை காலை. தற்போது வேலையில் இருப்பதற்கான சான்றிதழை அசலாகக் கொண்டுவர வேண்டும் என்று கார்டில் இருந்தது. அடுத்த தடவை விளம்பரம் வரும்போது அவருக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதனால் இந்தக் கார்டை விட்டால் வேறு கார்டு இல்லை.

பெரியண்ணாச்சிக்கு இதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. “நம்ம மிஷின்ல பழகுன பிள்ள, போகட்டும்” என்று முந்தின நாளே சொல்லிவிட்டார். ஆனால் சான்றிதழ் கம்ப்யூட்டரிலிருந்துதான் வர வேண்டும் என்பது அவர் போட்ட விதி. முன்பு ஒருவர் எங்கள் பழைய லெட்டர்பேடில் தானே ஒரு சான்றிதழை டைப் அடித்து எங்கோ கொடுத்துவிட்டார். அதிலிருந்து, பட்டியலில் உள்ளபடி புரோகிராம் அச்சடித்து நம்பர் போட்டுத் தருகிற தாளில் மட்டும்தான் கையெழுத்து.

பத்து மணி வாக்கில் பிரிண்டர் ஓய்ந்த சத்தம் கேட்டது. ஆப்பரேட்டர் தாளைக் கையில் எடுத்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நேத்துச் சாயங்காலம் போகும்போது நான் உங்ககிட்ட என்ன சொல்லிட்டுப் போனேன்?”

“நாளைக்கு வாரேன்னு சொன்னீங்க.”

“வேற ஒண்ணும் சொல்லலைல்லா?”

தாளை வாங்கிப் பார்த்தேன். இன்னார் இந்த நிறுவனத்தில் பணியாற்றி விலகிவிட்டார் என்று அழகான எழுத்தில் இருந்தது. நம்பரும் விழுந்திருந்தது.

ஆட்கள் பட்டியலைத் திறந்தோம். அதில் இடது ஓரத்தில் ‘லெஃப்ட்’ என்று தலைப்புப் போட்ட ஒரு சின்னக் கட்டம் உண்டு. வேலையை விட்டுப் போனவர்களுக்கு அதில் டிக் போட வேண்டும். அந்த டிக்கைப் பார்த்துத்தான் புரோகிராம் ‘பணியாற்றி வருகிறார்’ என்றோ ‘விலகிவிட்டார்’ என்றோ அச்சடிக்கும். ஆப்பரேட்டரின் பெயருக்கு முன்னால் டிக் இருந்தது. வாட்ச்மேன் பெயருக்கு முன்னாலும் இருந்தது. பட்டியலின் தலையில் மேனேஜரின் பெயர். அதற்கு முன்னாலும் இருந்தது.

“சார், நீங்களும் விட்டுட்டீங்க.”

“பாத்தேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே. ஒரு மாலையாவது வாங்கிப் போட்டிருப்பேம்லா.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் பையிலிருந்த இன்டர்வியூ கார்டை எடுத்துத் தேதியை இன்னொரு தடவை பார்த்தார். வேலையை விட்டுப் போவதற்கு, வேலையை விடவில்லை என்று எழுதிய காகிதம் அவருக்கு வேண்டும். அதுவும் அன்றைக்குள் வேண்டும்.

பெரியண்ணாச்சியிடம் கொண்டுபோனோம். அவர் தாளைத் தூரத்தில் பிடித்து வாசித்தார்.

“விலகிவிட்டார்னுல்லா போட்டிருக்கு.”

“தப்பா வந்திருக்கு அண்ணாச்சி. நான் இங்கன உங்க முன்னாலதான நிக்கேன்” என்றார் ஆப்பரேட்டர்.

“நிக்க தாயி, நான் இல்லங்கலை. பேப்பர்ல நிக்கலியே. கம்ப்யூட்டர் போயிட்டான்னு சொல்லுது, நான் இருக்கான்னு கையெழுத்துப் போட்டா ரெண்டுல எது பொய்யின்னு கேக்க மாட்டானா?”

“பட்டியல்ல யாரோ மாத்தியிருக்காங்க அண்ணாச்சி. நாங்க அதப் பாக்கத்தான் முடியும். உங்க ரெண்டு பேரத் தவிர வேற யாராலயும் மாத்த முடியாது” என்றேன்.

பெரியண்ணாச்சி ஆப்பரேட்டரை வெளியே போகச் சொன்னார். கதவு சாத்தியதும் குரலைத் தாழ்த்தினார்.

“சின்னவன் என் பாதியக் கண்டுபிடிச்சிட்டான்வே.”

வெளியே வந்தேன். குச்சி காயவைக்கும் தளத்துக்குப் பக்கத்தில் சின்னண்ணாச்சி நின்றார். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணன் என் பாதியப் பிடிச்சிட்டாவ சார். அன்னைக்கே நெனச்சேன். துண்டுல ஒரு ஓட்டை உண்டு.”

“அது யாரா இருந்தாலும் இருக்கட்டும் அண்ணாச்சி. ரெண்டு பேரும் வந்து ஒரு தடவை போட்டீங்கன்னா நான் சரிபண்ணிருதேன். அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு இன்டர்வியூ.”

“மொதல்ல அண்ணன் எதுக்கு மாத்துனோம்னு சொல்லட்டும். பெறவு என் பாதியப் போடுதேன்.”

திரும்பப் போய்ப் பெரியண்ணாச்சியிடம் கேட்டேன். “மொதல்ல அவன் ஒத்துக்கிடட்டும். பெறவு என் பாதியப் போடுதேன்” என்றார். இரண்டு முதலாளிகளும் இவ்வளவு ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. மத்தியானச் சாப்பாட்டை அன்று தனித்தனியாகச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டதும் சின்னண்ணாச்சி எட்டயபுரத்தில் ஒரு ஏஜென்டைப் பார்க்க வேண்டும் என்று ஆபீஸ் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆப்பரேட்டர் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. “சார், வேணும்னா நான் வேலைய விட்டுட்டதாவே இருக்கட்டும். புதுசா இன்னைக்குச் சேந்ததா ஒரு எண்ட்ரி போட முடியாதா?” என்று கேட்டார்.

“புது ஆளச் சேக்கவும் அட்மின்தான் வரணும்.”

“அந்த அட்மின் எங்க சார் இருக்கான்? நானே போய்க் கால்ல விழுதேன்.”

அது வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் எனக்கு அதில் ஒரு வழி தெரிந்தது. எஸ்.டி.டி. போட்டுத் திருநெல்வேலிக்காரரைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமைக்கு முன்னால் வர முடியாது என்றார். நிலைமையைச் சொன்னேன்.

“அட்மின் பாஸ்வேர்டு இல்லாம யாருமே மாத்த முடியாது சார்” என்றார். பிறகு, “ரெண்டாவது மிஷின் எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

அந்த மிஷினுக்கு வைரஸ் வந்து, உள்ளூர் சர்வீஸ்காரர் ஒருவர் உள்ளே இருந்ததை முழுக்கத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுத் தந்திருந்தார். ‘பின்ரூம் கம்ப்யூட்டர் சரியானது’ என்று என் டைரியில் ஆகஸ்டில் ஒரு வரி இருக்கிறது. அதைச் சொன்னேன்; அதன்பின் நானோ ஆப்பரேட்டரோ அதைத் திறக்கவில்லை என்றும் சொன்னேன். மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

“அப்ப அதுல பாஸ்வேர்டே கேக்காதே சார்!”

“ஃபைல் ஒண்ணுதான? முன்ரூம்ல கேக்குதே.”

“பாஸ்வேர்டு அந்த ஃபைலுக்குள்ள இல்ல சார். அது தனியா வேற ஒரு சின்ன ஃபைல்ல இருக்கு. முன்ரூம் மிஷின் அதப் பாத்துட்டுத்தான் உள்ள விடும். பின்ரூம் மிஷினையும் அதப் பாக்கும்படிதான் நான் வச்சிருந்தேன். துடைச்சதுல அது போயிருக்கும்.”

“போனா எங்க பேரச் சொல்லி உள்ள போக முடியாதுல்லா?”

“உங்க பேரு எதுக்கு? பேரு சொல்லாமத் தொறக்குத எல்லாரையும் சாப்ட்வேர் அட்மின்னுதான் எடுத்துக்கிடும். ஓனரும் அட்மின்தான. அன்னைக்கு மொதலாளிமாருல ஒருத்தர் பேரப் போட்டிருந்தா இந்தச் சங்கடம் வந்திருக்காது.”

“அப்ப அட்மின்னு ஒரு ஆளு கிடையாதுன்னு சொன்னீங்க?”

“ஆளு கிடையாது சார். ஆனா இந்த சாப்ட்வேர் இருக்குத எடத்துலல்லாம் அவன் இருப்பான். உங்க ஃபைல டெல்லில கொண்டுபோய்த் தொறந்தாலும் அங்கயும் அவன்தான் ஓனர்.”

ரிசீவரை வைத்தேன். ஒரு வருஷமாக நாங்கள் துண்டு போட்டுக் காத்த சொத்து, யாருக்கும் சொந்தமாகக் கூடாது என்ற ஒரே காரணத்தால், ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் சொந்தமாகியிருந்தது.

பின்ரூமுக்குப் போனேன். கதவு உள்பக்கமாக ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தள்ளினேன். லேபிள் கட்டுகளுக்கு நடுவே மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரியண்ணாச்சி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“சும்மா காத்துக்காக வந்து ஒக்காந்தேன்.”

அந்த அறைக்கு ஜன்னலும் கிடையாது, மின்விசிறியும் கிடையாது. லேபிள் பறந்துவிடும் என்று இரண்டையும் வேண்டாம் என்றவர் அவர்தான். வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இது பாஸ்வேர்டு கேக்காதாமே அண்ணாச்சி” என்றேன்.

அவர் ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

“கதவச் சாத்திட்டு இங்கன இரும். சின்னவன்ட்ட சொல்லக் கூடாது.”

“எத்தன நாளா அண்ணாச்சி?”

“போன வாரம் லேபிள் எண்ண வந்தேன். சும்மா ஒரு தட்டு தட்டுனேன், தொறந்துட்டுது. நமக்கு ஒரு ராசி உண்டு பாத்துக்கிடும்.” குரலில் பெருமை இருந்தது. “பாதிப் பாஸ்வேர்ட வச்சுக்கிட்டு எந்தத் தொழில்வே பாக்க முடியும்? இங்கன வந்து தனியா ஒக்காந்து எல்லாத்தையும் ஒரு தடவை பாஸ் பண்ணிட்டு வாரேன்.”

“பாஸ் பண்ணுதீங்களா? எத?”

“ஆட்கள் லிஸ்டத்தான். இந்தா பாரும்.”

திரையில் பட்டியல் இருந்தது. இடது ஓரக் கட்டங்களை விரலால் தடவிக் காட்டினார். எங்கள் ஆபீஸில் பில் பாஸ் செய்கிற முறை ஒன்று உண்டு. பெரியண்ணாச்சி ஒவ்வொரு வரியையும் பார்த்து, சரியாக இருந்தால் இடது ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு டிக் போடுவார். வலது ஓரம் தம்பியின் டிக்குக்கு. தகப்பனார் காலத்து ஏற்பாடு அது.

“அந்தத் திருநெல்வேலிப் பய விவரமாத்தான் செஞ்சிருக்கான். டிக் போடுததுக்கு லெஃப்டுன்னே எழுதிக் கட்டமும் போட்டு வச்சிருக்கான். ரைட்டுல தம்பிக்கு ஒரு கட்டம் வைக்க மறந்துட்டான் போல. நானும் அவன்ட்ட சொல்லல.”

நான் ஸ்டூலைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

“எல்லாருக்கும் போட்டுர மாட்டேன். யோசிச்சுத்தான் போடுவேன். மொத ரவுண்டுல மூணு பேருக்குத்தான் போட்டேன்” என்றார். திரையில் மூன்று டிக்குகளையும் தொட்டுக் காட்டினார். “நீரு. அந்தப் பிள்ள. வாட்ச்மேன். கண்ண மூடிட்டு நம்பலாம். மத்தவங்கள இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்.”

பன்னிரண்டு வருஷம் அவரிடம் வேலை பார்த்திருந்தேன். ஒரு தடவைகூட என் வேலையைப் பற்றி நல்லதாக அவர் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருப்பது இதுதான், இதையும் என்னிடம் சொல்லவில்லை, மிஷினிடம் சொல்லியிருந்தார். மிஷின் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது.

“அண்ணாச்சி, அந்த லெஃப்ட் இடதுபக்கம் இல்ல. வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம்.”

“எங்க?”

“அந்தக் கட்டத்துல டிக் விழுந்தா அந்த ஆளு வேலைய விட்டாச்சுன்னு கம்ப்யூட்டர் எடுத்துக்கிடும். காலையில அந்தப் பிள்ளைக்கு ‘விலகிவிட்டார்’னு வந்தது இதுனாலதான்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தார்.

“அப்ப நல்ல ஆளுகளாப் பாத்து வெளிய அனுப்பியிருக்கேன்?”

“மூணு பேரத்தான் அண்ணாச்சி.”

“நல்லவேள, எல்லாருக்கும் போடல.” கொஞ்சம் யோசித்தார். “நாளைக்கு ரெண்டாவது ரவுண்டுல என் பேரையும் லிஸ்ட்ல சேத்து, அதுக்குத்தான் மொதல்ல போடணும்னு நெனச்சிருந்தேன்வே.”

வாசலில் ஆப்பரேட்டர் வந்து நின்றார். நான் இன்னும் வரவில்லையே என்று தேடிவந்திருக்கிறார். பெரியண்ணாச்சி திரும்பிப் பார்த்தார்.

“தாயி, ஒன்னைய நான்தான் அனுப்பிட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“நல்லா வேல செய்யுதேன்னுதான்.”

ஆப்பரேட்டர் என்னைப் பார்த்தார். பிறகு சொல்லுகிறேன் என்று கையால் காட்டினேன். டிக்கை நான் எடுக்கவா என்று கேட்டதற்குப் பெரியண்ணாச்சி ஒப்பவில்லை. “நான் போட்டது, நானே எடுக்கேன்” என்று மவுஸைப் பிடித்தார். அம்பு கட்டத்தைத் தாண்டித் தாண்டிப் போயிற்று. ஒரு தடவை சமையல்காரர் பெயரில் போய் நின்றது. கடைசியில் ஆப்பரேட்டர் பெயருக்கு முன்னால் இருந்த டிக் மறைந்தது. அடுத்த வரிக்கு நகர்ந்தால்தான் மாற்றம் பதியும் என்று ஆப்பரேட்டர் சொன்னார். நகர்ந்தார். பதிந்தது.

கரண்ட் போயிற்று.

பின்ரூம் மிஷினுக்கு பேட்டரி கிடையாது. இருட்டில் அது ஒரு பெருமூச்சு விட்டு அணைந்தது. முன்ரூமில் பேட்டரி இருந்தது. மூவரும் அங்கே ஓடினோம். பெரியண்ணாச்சி ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பேட்டரி கூவிக்கொண்டிருந்த சத்தத்துக்கு நடுவில் பிரிண்டர் வரிவரியாக அச்சடித்தது. ‘பணியாற்றி வருகிறார்’ என்ற சொற்கள் வெளியே வருவதை ஆப்பரேட்டர் குனிந்து நின்று பார்த்தார். பெரியண்ணாச்சி கையெழுத்துப் போட்டார். சீல் வைத்தார். பழக்கதோஷத்தில் சிவப்புப் பேனாவை எடுத்துத் தாளின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோனார்.

“அண்ணாச்சி!” என்றோம் இருவரும்.

அவர் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆப்பரேட்டர் தாளை இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து நூலால் கட்டினார். காலை முதல் பஸ்ஸுக்கு ரோட்டில் வந்து நிற்க வேண்டும், தன் தம்பி சைக்கிளில் கொண்டுவந்து விடுவான் என்று சொன்னார். “சார், நாளைக்கு வர மாட்டேன். வேலைய விட்டுட்டேன்னு யாராவது டிக் போட்டுராமப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்.

அவர் போனதும் பெரியண்ணாச்சி என்னிடம் பணம் கொடுத்து ஒரு நல்ல பூட்டாக வாங்கிவரச் சொன்னார். பின்ரூம் கதவில் அவரே பூட்டிச் சாவிகளை இடுப்பில் செருகிக்கொண்டார். “பாதுகாப்புன்னா இது பாதுகாப்பு. இதுக்கு ஒரு பாஸ்வேர்டும் வேண்டாம்” என்றார்.

ஐந்தரைக்குச் சின்னண்ணாச்சி எட்டயபுரத்திலிருந்து திரும்பினார். பைக்கை நிறுத்தியவர் என்னை சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

“சார், அந்தப் பிள்ள விஷயம் போற வழியெல்லாம் மனசுல கெடந்தது. ஒரு வழி இருக்கு. பின்ரூம் மிஷின் பாஸ்வேர்டு கேக்காது. பத்து நாளா எனக்குத் தெரியும். அங்கன போய் மாத்திருவோம். அண்ணன்ட்ட மட்டும் சொல்லிராதீங்க.”

“சான்றிதழ் குடுத்தாச்சு அண்ணாச்சி. பெரியண்ணாச்சி கையெழுத்துப் போட்டுட்டாங்க.”

“என் பாதி இல்லாமயா?”

இருவரில் ஒருவர் சொல்லக் கூடாது என்றதை மற்றவரிடம் சொல்வதில்லை என்பது என் வழக்கம். அவர் விறுவிறுவென்று பின்பக்கம் போனார். கதவில் புதுப்பூட்டைப் பார்த்தார். யார் பூட்டியது என்று கேட்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போய், அண்ணன் வாங்கியதைவிட ஒரு சுற்றுப் பெரிய பூட்டாக வாங்கிவந்து மேல் கொண்டியில் போட்டார். சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

ஆறு மணிக்குப் பெரியண்ணாச்சி வந்து பார்த்தார். கீழே ஒரு பூட்டு, மேலே ஒரு பூட்டு. அண்ணனும் தம்பியும் கதவைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இருவருக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. ஒரே காரில் ஏறிப் போனார்கள்.

வீட்டுக்குப் போய் டைரியை எடுத்து அன்றைக்கு நடந்ததை வரிசைப்படி எழுதும்போதுதான் கவனித்தேன். பெரியண்ணாச்சி ஆப்பரேட்டரின் டிக்கை மட்டும்தான் எடுத்தார். அடுத்து என்னுடையதை எடுப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. வாட்ச்மேனும் நானும் விலகியவர்களாகவே இருந்தோம். முன்ரூமில் திருத்த வேண்டுமானால் இரண்டு பாதிப் பாஸ்வேர்டு வேண்டும். பின்ரூமில் திருத்த வேண்டுமானால் இரண்டு பூட்டு திறக்க வேண்டும். இரண்டுக்கும் அண்ணனும் தம்பியும் சேர்ந்து வர வேண்டும். சேர்ந்து வந்தால், எதற்கு வந்தோம் என்பதை இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆபீஸைத் திறந்ததும், தூசி துடைப்பதற்கும் முன்னால், வருகைப் பதிவேட்டை எடுத்தேன். ஆப்பரேட்டர் பெயருக்கு நேரே ‘விடுப்பு’ என்று எழுதினேன். பிறகு என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன்.